பாஸுக்கு உழைப்பு: எந்த டூட்டி எடுத்தால் கலைவிழாவைப் பார்க்க முடியும்?

ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்தும் கலைவிழாவில் வாலண்டியருக்குச் சம்பளம் கிடையாது, இலவசமாக உள்ளே விடும் நுழைவு பாஸ்தான் கூலி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்தாலும் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்தாலும், வாட்ஸ்அப்பில் பெயர் கொடுக்கச் சொன்னதும் முதலில் நிரம்புவது வாசல் டூட்டியும் மேடை டூட்டியும்தான். பந்தல், நாற்காலி போடுகிற முன்வேலைக்கும், எல்லாம் முடிந்தபின் பிரித்து ஏற்றுகிற வேலைக்கும் கடைசி நாள்வரை ஆள் தேடுவார்கள். நிகழ்ச்சி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படிப்பது நல்லது. விழா ஓடும்போது செய்கிற டூட்டி அந்த நேரத்து நிகழ்ச்சியைத் தின்றுவிடும். முன்வேலை எதையும் தின்னாது.

முதலில் காசுக் கணக்கு

ஒரு நாள் டிக்கெட் 200 ரூபாய், மூன்று நாளுக்குச் சேர்த்து 500 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 500 ரூபாயைத் தாண்டாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சின்ன கமிட்டிகள் அந்த வரம்பைத் தாண்டத் தயங்கும். முழு பாஸுக்கு 12 மணி நேர வேலை கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 42 ரூபாய் விழுகிறது. பஸ் செலவு, டீ, இரவுச் சாப்பாடு கமிட்டி தராவிட்டால் அதிலிருந்தும் குறையும். கல்லூரி மாணவருக்கு இது கட்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற எலக்ட்ரீஷியனுக்கோ கொத்தனாருக்கோ கட்டவே கட்டாது. அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் லாபம். மேடைக்குப் பின்னால் நடப்பதைக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

முன்வேலை: வெயில் உண்டு, நஷ்டம் இல்லை

முன்வேலையில் பெரும்பங்கு நாற்காலிதான். 500 பிளாஸ்டிக் நாற்காலி 20, 20 அடுக்காக வந்தால் 25 அடுக்கு. நடுவில் 5 அடி வழி விட்டு, பக்கத்துக்குப் பத்து என வரிசைக்கு 20 போட்டால் 25 வரிசை. சாய்வுக்குச் சாய்வு 3 அடி கொடுத்தால் 75 அடி ஆழம் வேண்டும். இந்த 75 அடியை முதலிலேயே டேப் வைத்து அளக்காத இடங்களில்தான் கடைசி ஐந்து வரிசை நசுங்கி, முழங்கால் முன் நாற்காலியில் இடிக்கிறது. 3 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றை ஓரமாக இழுத்துக் கட்டி, முன்வரிசையிலிருந்து பின்னால் போட்டுக்கொண்டே போனால் நான்கு பேர் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். இறக்கும்போதே வாடகைக்காரரின் ஆளோடு சேர்ந்து எண்ணி, கால் வெடித்ததைத் தனியே வைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த நாற்காலியின் விலை கமிட்டி தலையில் விழும். அடுத்த ஆண்டு அது டிக்கெட் விலையில் ஏறும்.

கடலோரத்தில் காற்று தனிப் பிரச்சினை. பகலில் தரை சூடேறுவதால் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று எழும். காலையில் அசையாமல் நின்ற ஃபிளெக்ஸ் பேனர் ஐந்து மணிக்குப் படபடவென அடித்து, ஓட்டை போட்ட மூலையிலேயே கிழியும். கட்டுவதற்கு முன் ஆங்காங்கே அரைவட்டமாகக் கீறிவிட்டால் காற்று ஊடே போய்விடும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் குட்டை இரும்பு முளை நிற்காது, இழுத்தால் கையோடு வரும். மணல் நிரப்பிய சாக்கின் நடுவில் கயிற்றைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து, மேலே மண்ணை மிதித்து இறுக்கினால் ஷாமியானா தாங்கும்.

ஜெனரேட்டர், மெயின் லைன் பக்கம் மட்டும் வாலண்டியர் போகக்கூடாது. "சும்மா அந்த வயரைப் புடிச்சுக்கோ தம்பி" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடலாம். அது வயர்மேன் வேலை, ஈர மணலில் வெறுங்காலோடு செய்கிற வேலை அல்ல.

முன்வேலையின் உண்மையான பலவீனம் வேறு. வேலை நடக்கும் இடத்தில் பொறுப்பாளர் இருக்கமாட்டார். விழா அன்று பாஸ் கொடுக்கிறவருக்கு, முந்தாநாள் யார் வந்தார்கள் என்றே தெரியாது. வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுதி அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை மாதங்களில் இன்னொரு கேள்வியும் சேரும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் இரண்டும் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி விழா என்றால், பந்தல் போட்டபின் நிகழ்ச்சி ரத்தானால் உழைத்த மணி நேரம் கணக்கில் நிற்குமா என்று பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

வாசல்: பெயர் பெரிது

வாசலில் நிற்பவருக்குக் கழுத்தில் அட்டை, கையில் போன், பார்வைக்கு அதிகாரம். நிகழ்ச்சிதான் கிடைக்காது. ஒருவர் டிக்கெட்டை ஸ்கேன் செய்ய, போனைத் தேடி எடுப்பது முதல் பச்சை விழுவது வரை எட்டு நொடி வைத்தால், 400 பேருக்கு ஒரே போனில் 53 நிமிடம். இரண்டு போன் இருந்தால் 27 நிமிடம். பாதிக்கூட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் வரும் என்பதால் முதல் நிகழ்ச்சி வாசல்காரருக்குக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல்கள் எப்போதும் ஒரே மாதிரிதான். ஒரே கியூஆர் படம் வாட்ஸ்அப்பில் நான்கு பேருக்குப் போயிருக்கும். முதலில் வந்தவர் உள்ளே போய்விடுவார், காசு கட்டியவர் பிறகு வந்து சண்டை போடுவார். கூட்டம் கூடியதும் நெட் படுத்துவிடும். ஆஃப்லைனில் இயங்கும் ஸ்கேன் ஆப்பும், அச்சடித்த பெயர்ப்பட்டியலும் இல்லாத வாசல் பத்தே நிமிடத்தில் திறந்த வீடாகிவிடும். பிறகு, "தம்பி, உள்ள நம்ம மாமாதான் கமிட்டி, போன் போட்டுத் தரட்டா?" என்பவர். அவரிடம் வாதாடினால் பின்னால் வரிசை நிற்கும். "சரிங்கண்ணே, அந்த டேபிள்ல சொல்லுங்க" என்று பக்கத்து மேசைக்கு அனுப்பிவிடுவதே வழி. அந்த மேசையில் முடிவெடுக்கும் உரிமையுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியொரு மேசை இல்லாத விழாவில் வாசல் டூட்டி எடுக்காதீர்கள்.

கம்பன் கலையரங்கம் போன்ற மூடிய அரங்கு என்றால் கதை மாறும். அங்கே நாற்காலி போடும் வேலையே இல்லை. அதற்குப் பதில் இருக்கை காட்டும் டூட்டி வரும். விளக்கு அணைந்தபின் கதவோரம் நின்றபடி முக்கால்வாசி நிகழ்ச்சியைப் பார்த்துவிடலாம். விழா நேர டூட்டிகளில் இதுதான் சிறந்தது.

கிரீன் ரூம் (ஒப்பனை அறை): பார்க்க முடியாது, ஆனாலும்

பட்டியலில் தெருக்கூத்து இருந்தால் மட்டும் எங்கள் சிபாரிசு இந்தப் பக்கம் சாயும். கூத்துக்காரர்கள் அரிதாரம் பூசி, கட்டை எனும் மர அணிகளைக் கட்டி எழுந்திருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு மணிக்குக் கூத்து என்றால் நான்கு மணிக்கே அறை தயாராக இருக்க வேண்டும். வாலண்டியர் வைத்திருக்க வேண்டியது தரையில் விரிக்கப் பாய், ஆளுக்கொரு கண்ணாடி, பிரகாசமான வெள்ளை விளக்கு, தேங்காயெண்ணெய், பழைய வேட்டித் துணி, ஊக்கு, சுக்குக்காபியோ டீயோ. மஞ்சள் பல்பில் பூசினால் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், மேடை வெளிச்சத்தில் வேறாகத் தெரியும்.

கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கேட்காமல் தொடக்கூடாது. அவற்றை வைத்துக் கும்பிட்டுத்தான் எடுப்பார்கள். தலைக்கட்டை நெற்றியில் துணி சுற்றி அதன்மேல் இறுக்குவார்கள். ஒருமுறை கட்டினால் இடையில் அவிழ்க்க முடியாது. எனவே சாப்பாடும் கழிப்பறையும் வேடத்துக்கு முன்பே முடிய வேண்டும். சாப்பாட்டு டூட்டிக்காரர் பொட்டலத்தை ஆறரைக்குக் கொண்டுவந்து நீட்டினால் நடிகர் பசியோடுதான் ஆடுவார். நான்கு மணிக்கே கேட்டு வாங்கிவைப்பது கிரீன் ரூம் ஆளின் பொறுப்பு.

கூத்து தொடங்கியபின் வாலண்டியர் காதில் முகவீணையும் மிருதங்கமும் பக்கவாட்டில் விழும், மேடையின் முதுகுதான் தெரியும். வேடம் திரைக்குப் பின் நின்று பாட, திரையைக் குழுவின் ஆட்களே பிடிப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் 500 பேர் பார்ப்பது இங்கே கிடைக்காது. ஒரு முகம் துரியோதனனாக மாறுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது அவர்களுக்குக் கிடைக்காது. மெல்லிசைக்கும் பட்டிமன்றத்துக்கும் கிரீன் ரூம் என்றால் சோடா, சால்வை எடுத்துக் கொடுப்பதோடு சரி. அதற்கு மெனக்கெட வேண்டாம்.

தண்ணீர், பார்க்கிங்

தலைக்கு அரை லிட்டர் வைத்தால் 500 பேருக்கு 250 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 13. மாசி கடந்துவிட்டால் 18 வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கும் தடை. கடலூரில் எவர்சில்வர் டம்ளர்தான், கழுவ இரண்டு டப், இரண்டு பேர். இடைவேளையில் மட்டும் வேலை குவியும், மற்ற நேரம் பார்க்கலாம். பார்க்கிங் டூட்டி நேர்மாறு: வரும்போதும் போகும்போதும் கடும் வேலை, நடுவில் சும்மா நின்றாலும் வண்டியை விட்டு நகர முடியாது. பாஸுக்காக யாரும் எடுக்க வேண்டியதில்லை.

பிரிப்பு வேலை: ஊருக்கு ஊர் வேறு

மஞ்சக்குப்பத்தில் லாரி மேடை வரை வரும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினால் பன்னிரண்டுக்குள் ஏற்றி அனுப்பலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனம் விடமாட்டார்கள். காந்தி திடலில் விழா என்றால், போலீஸ் அனுமதி வாங்கியிருந்தால் தவிர, எல்லாச் சாமானையும் குறுக்குத் தெருவரை கையில் சுமக்க வேண்டும், அல்லது விடியும்வரை காவல் இருக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், உழைப்பு இரண்டு மடங்கு. கடலூரில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். புதுச்சேரியில் வீடு பக்கத்தில் இருப்பவர் மட்டும் எடுக்கட்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர், நள்ளிரவில் பஸ்ஸை நம்பி இருக்க முடியாது.

ஒலிபெருக்கிக்கு உள்ள இரவு 10 மணித் தடையை ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுக்கு விதியில் இடமுண்டு. அப்படி அனுமதி இருக்கும் நாளில் பிரிப்பு வேலை பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டோக்கனா, முன்பணமா?

சில கமிட்டிகள் மணி நேரத்துக்கு ஒரு டோக்கன் கொடுத்து, சேர்ந்தபின் பாஸாக மாற்றும். சில கமிட்டிகள் பாஸை முதலிலேயே கொடுத்து, டிக்கெட் விலையை முன்பணமாக வாங்கி, டூட்டி முடிந்ததும் திருப்பும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் வழியாக வாலண்டியராகப் போகிறவர்களுக்கு இரண்டாவது முறைதான்: எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிப்ட் மூன்று, முடித்தால்தான் பணம் திரும்பும். கமிட்டிக்கு முன்பணம் பாதுகாப்பு. ஆள் வராமல் ஏமாற்றமாட்டார். வாலண்டியருக்கு டோக்கன் பாதுகாப்பு. காசு கையை விட்டுப் போகாது, நடுவில் காய்ச்சல் வந்தாலும் செய்த அளவுக்கு ஒரு நாள் டிக்கெட்டாவது கிடைக்கும். கையில் 500 ரூபாய் புரட்ட முடியாத மாணவரை முன்பணம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதால் நம்மூருக்கு டோக்கனே சரி.

முன்பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரொக்கமாகக் கொடுக்காமல் யூபிஐயில் கட்டி, குறிப்பில் பெயரையும் டூட்டி நாளையும் எழுதுங்கள். திருப்பித் தரும் தேதியைக் குழுவில் எழுத்தில் போடச் சொல்லுங்கள். கமிட்டி வரவு செலவு முடித்துக் கலையும்வரை காத்திருந்தால், பிறகு யாரிடம் கேட்பது என்றே தெரியாது.