கொழுப்பு மாத்திரை 12 வருடம்: சுகர் வந்தது அதனாலா?

2013-இல் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 172 என்று வந்தது. அப்போது எனக்கு 49 வயது. ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் ஒன்று. அன்று ஆரம்பித்த ஸ்டாட்டின் இன்றுவரை ஓடுகிறது, நடுவில் ஒரு மூன்றரை மாதம் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. மூன்றே மாதத்தில் எல்டிஎல் 98. கால் வலி, தசை வலி என்று பலர் சொல்வார்கள், எனக்கு அப்படி எதுவும் இல்லை. 2017-இல் டோஸ் 20 ஆனது. 2019-இல் மாடி ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது, ஆஞ்சியோ பார்த்ததில் இதய ரத்தக் குழாய் ஒன்றில் பாதி அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மருந்து போதும் என்று சொல்லி 40 ஆக்கினார்கள்.

2021-இல் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட், 6.7. நம்பாமல் வேறு லேபில் பார்த்தேன், 6.6. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான்.

காலையில் கூட நடக்கும் நண்பர் அடித்துச் சொன்னார்: “அந்த மாத்திரைதான் சார் சுகரையே கொண்டு வருது. எங்க மச்சான் நிறுத்திட்டாரு, ஜம்முனு இருக்காரு.” நானும் நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. மூன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் எல்டிஎல் 78-இலிருந்து 149. சரி, சுகராவது இறங்கியிருக்குமே என்று பார்த்தேன். 6.5. ஒரே ஒரு புள்ளி!

இந்த முறை வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். “சுகருக்கு மாத்திரை இருக்கு சார். குழாய் முழுசா அடைச்சா என்ன பண்ணுவீங்க?” அப்புறம், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார்.

அன்று இரவு நகைக்கடைப் பையில் கிடந்த தாள்களைத் தரையில் பரப்பி, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வருடவாரியாக எழுதினேன். 2013, முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே, வெறும் வயிற்றுச் சர்க்கரை 106. லேப் தாளில் பக்கத்திலேயே ‘70–110 நார்மல்’ என்று அச்சடித்திருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003-லேயே அந்த எல்லையை 100-க்கு இறக்கிவிட்டது. அந்தக் கணக்குப்படி நான் அப்போதே வாசற்படியில் நின்றிருக்கிறேன். அப்பாவுக்குச் சுகர், பெரியப்பாவுக்குச் சுகர். போதாததற்கு 2020 ஊரடங்கில் வீட்டிலேயே உட்கார்ந்து 71 கிலோவிலிருந்து 77 ஆனேன். இத்தனையையும் விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கூண்டில் ஏற்றினேன்.

அதற்காக மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டரம்மா சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 2010-இல் லான்செட் இதழில் 13 ஆய்வுகளை, 91,140 பேரை ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 9 சதவீதம் கூடுதல். 255 பேர் நான்கு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு வரும் அளவு. 2012-லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டது. 2024-இல் வந்த பெரிய அலசலில் டோஸ் வித்தியாசமும் தெரிந்தது: குறைந்த, நடுத்தர டோஸில் 10 சதவீதம், அதிக டோஸில் 36 சதவீதம் கூடுதல். ஆனால் அப்படிக் கூடுதலாக வந்தவர்களில் சுமார் 62 சதவீதம் பேர், ஆரம்பத்திலேயே சர்க்கரை அளவில் மேல் கால் பங்கில் இருந்தவர்கள். அதாவது என்னைப் போன்ற 106 கேஸ்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினை வைத்து நடந்த ஜூபிடர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியாக ஐந்தரை வாரம்தான் முன்னதாகச் சுகர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எப்படியும் வர இருந்த விருந்தாளி, ஒரு பஸ் முன்னாடி பிடித்து வந்த மாதிரி.

என் கேஸில் 40 மில்லிகிராம் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அதைவிட எனக்குக் கோபம் வேறு விஷயத்தில்தான். முதல் நான்கு வருடம் எச்பிஏ1சி பார்க்கச் சொல்லவே இல்லை. டோஸை ஏற்றிய நாளிலும், ‘சுகர் கொஞ்சம் ஏறலாம், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன், நடையைத்தான் கூட்டியிருப்பேன்.

இப்போது ரோசுவாஸ்டாட்டின் 10, கூடவே எசெடிமைப் 10. ஸ்டாட்டினை ஒரேயடியாக ஏற்றாமல், குடலில் கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் இந்த இரண்டாவது மருந்தைச் சேர்த்து டாக்டரம்மா சமாளிக்கிறார். சுகருக்கு மெட்ஃபார்மின் 500, இரண்டு வேளை. இரவு இட்லி நான்கு இரண்டானது, எடை 72. கடைசி ரிப்போர்ட்டில் எல்டிஎல் 64, எச்பிஏ1சி 6.3. மாதம் பிறந்தால் மெடிக்கல் ஷாப் பில்தான் முணுமுணுக்க வைக்கிறது.

போன மாதம் பையனுடைய ஆபீஸ் செக்கப் ரிப்போர்ட் வந்தது. வயது 32, வெறும் வயிற்றில் 103. பக்கத்தில் அதே ‘70–110’. “எல்லாம் நார்மல்பா” என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனான். பேனாவை எடுத்து அந்த 103-ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சாயந்திரம் வந்ததும் பேச வேண்டும்.