ஓவுலேஷன் கிட்டா, வெப்பமானியா?

கருமுட்டை எப்போது வெளியாகிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள இந்த இரண்டும் உதவும். ஆனால் இவை கவனிப்பது வெவ்வேறு ஹார்மோன்களை. அதனால்தான் பதிலும் வேறாக வருகிறது.

கிட் என்பது சிறுநீரில் நனைத்தால் கோடு காட்டும் பட்டை. அது தேடுவது, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை. சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, எல்.எச். திடீரென்று எகிறும். அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். ஆக, கிட் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கருத்தரிக்க முயல்பவர்களுக்கு இது பெரிய விஷயம்: முட்டை ஒரு நாள்தான் தாங்கும், விந்தணுவோ 5 நாள் வரை காத்திருக்கும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களுக்கு மட்டும் எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கக்கூடும். அப்போது கிட் ஏமாற்றும்.

வெப்பமானி கதை வேறு. முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன், உடல் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றும். கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே அளக்க வேண்டும் (சோம்பேறிகளுக்கு வசதிதான்). காய்ச்சலோ தூக்கக்கேடோ இருந்தால் கணக்கு குழம்பும். செய்தியும் தாமதமாகத்தான் வரும். ஆனாலும் முட்டை வெளியானதா என்ற கேள்விக்கு இதுதான் நெருக்கமான பதில், ஏனென்றால் எல்.எச். எகிறியும் முட்டை வராமல் போவதுண்டு.

குழந்தைக்கு முயல்பவர்களுக்குக் கிட். தன் சுழற்சியைப் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு, சில மாதங்கள் வெப்பமானி என்பதே என் ஓட்டு. கருத்தடைக்கு மட்டும் கிட்டை நம்ப வேண்டாம். கோடு தெரியும் முன்பே கருத்தரிக்கும் நாள்கள் தொடங்கியிருக்கும்.