பழைய ஏரிக்கரை: குழாய்க்குள் குழாயா, தோண்டி மாற்றுவதா, கரையையே எடுத்துவிடுவதா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் குடியிருப்பின் நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. 1960களில் மனை விற்பதற்காக ஓடையை மறித்து மண் கரை கட்டி உருவாக்கியது அது. குடிநீருக்கோ பாசனத்துக்கோ இல்லை. மீன் பிடிக்க, படகு விட, சாயங்காலம் நடக்க மட்டுமே. இப்போது அந்தக் கரை குடியிருப்போர் சங்கத்தின் சொத்து, அதாவது எங்கள் எல்லோருடைய பொறுப்பு. ஏரி நீரை வெளியேற்றக் கரைக்கு அடியில் போகும் நெளிதகட்டுக் குழாய்க்குள் (நெளிவு நெளிவான உலோகத் தகட்டால் ஆனது) கேமரா விட்டுப் பார்த்ததில், அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது. பொறியாளர் மூன்று வழிகளை முன்வைத்தார். நான் தோண்டி மாற்றுவதற்கு ஓட்டுப் போட்டேன், அதுவே தேறியது. இதே நிலையில் இருக்கும் வேறு சங்கத்தாருக்கு உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில், எந்த வழியில் போனாலும் மாறாத சில விஷயங்கள். ஜார்ஜியாவில் ஒரு கரையை முதல் வகை என்று குறித்தால், அது மோசமான நிலையில் இருக்கிறது என்று பொருள் இல்லை. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் நேரும் என்று பொருள். எங்கள் கரை கட்டியபோது கீழே காடு, இன்று வீடுகள். ஏரியை வைத்துக்கொள்வதாக இருந்தால் கரை மேல் வளர்ந்த மரங்களை எடுக்க வேண்டும், கலிங்கு (மிகை நீர் வழிந்தோடும் வழி) பெருமழையைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 2015 அக்டோபர் வெள்ளத்தில் தென் கரோலினாவில் சுமார் 50 கரைகள் உடைந்தன. கொலம்பியா நகரைச் சுற்றி உடைந்தவற்றில் பல எங்களுடையதைப் போன்ற குடியிருப்பு ஏரிகள்தான். அப்புறம், ஏரியை இறக்கக்கூடிய அடிமதகு ஒன்று வேலை செய்தே ஆக வேண்டும். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் அடிக்குழாய்களை முந்தைய உரிமையாளர் ஒருவர் பெயர்த்தெடுத்து விற்றுவிட்டார். பிறகு அணையை வாங்கி உல்லாச ஏரியாக்கிய மன்றம் குழாய்களைத் திரும்பப் போடவில்லை. 1889 மே 31 அன்று நீர் ஏறிக்கொண்டே போனபோது இறக்குவதற்கு வழியே இல்லை. அணை உடைந்து அன்று இறந்தவர்கள் 2,209 பேர்.

சரி, முதல் வழி: பழைய குழாய்க்குள் சற்றே சிறிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமெண்ட் கரைசலை அடைப்பது. மூன்றில் இதுதான் மலிவு. கரையை வெட்ட வேண்டாம், வேலை சில வாரங்களில் முடியும். குழாயின் விட்டம் குறைகிறதே என்று பலர் கேட்டார்கள். நெளிதகட்டைவிட பிளாஸ்டிக்கின் உட்பரப்பு வழவழப்பானது என்பதால் நீர் வேகமாகப் போகும், அந்தக் குறை ஓரளவு சரியாகிவிடும். தகட்டுக் குழாய் போல இது துருப்பிடிக்கவும் செய்யாது. செலவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் யாரும் இதைத்தான் எடுப்பார்கள்.

என்னைத் தடுத்தது ஒரே விஷயம். இந்த வழி குழாயின் உள்பக்கத்தைச் சரிசெய்கிறது. மண் கரையில் ஆபத்து இருப்பதோ குழாயின் வெளிப்பக்கத்தில்.

உருண்டையான குழாயின் வயிற்றுக்குக் கீழே மண்ணை இறுக்குவது கடினம். அந்த இடம் எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். ஏரி நீர் அந்தத் தளர்வைப் பிடித்துக்கொண்டு குழாயை ஒட்டியே கசிந்து வரும். கசிவு தெளிவாக இருக்கும்வரை பெரிய கவலை இல்லை, கசியாத மண் கரை கிடையாது. ஆனால் நீர் மண்துகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறத் தொடங்கினால், வெளிச்சரிவில் (ஏரிக்கு மறுபக்கச் சரிவில்) ஆரம்பிக்கும் அரிப்பு பின்னோக்கி ஏரியை நோக்கி நகரும். குழாயில் ஓட்டை இருந்தால் மண் அந்த ஓட்டை வழியாக உள்ளேயும் போகும். மேலே கரையில் திடீரென்று குழி விழும். எங்கள் குழாய் எத்தனை வருடமாக மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, வெளியே எவ்வளவு பெரிய பொந்து இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் குழாயைச் செருகி மூடிவிட்டால் அதன்பிறகு யாருக்குமே தெரியாது.

இரண்டாவது வழியில், தோண்டி மாற்றும்போது அந்த மண்ணைக் கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் கரையை வெட்டியபோது குழாயின் கீழ்ப்பக்கம் கை நுழையும் அளவுக்கு வெற்றிடங்கள் இருந்தன. அதையெல்லாம் எடுத்துவிட்டு, கான்கிரீட் படுகை மேல் புதுக் குழாயை வைத்து, மெல்லிய அடுக்கு அடுக்காக மண் போட்டு இறுக்கினார்கள். அதைவிட முக்கியமானது, வெளிச்சரிவுப் பக்கமாகக் குழாயைச் சுற்றிலும் போட்ட மணல் வடிகட்டி. பழைய காலத்தில் கசிவை மறிப்பதற்காகக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைப்பார்கள். வளையத்தை ஒட்டி மண்ணை இறுக்க முடியாமல் போவதால் அந்த வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இப்போது கசிவை மறிக்க முயல்வதில்லை. கான்கிரீட்டுக்குப் பயன்படும் சுத்தமான மணலைச் சரியான பருமனில் போட்டால், நீரை விடும், மண்ணை விடாது. வடிந்து வரும் நீர் ஒரு சிறு குழாய் வழியாகக் கரையின் அடிவாரத்தில் வந்து விழும்.

எனக்கு முடிவைத் தந்தது அந்தச் சிறு குழாய்தான். ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் கசிவை அளக்கலாம். ஏரி மட்டம் அதே அளவில் இருக்கும்போது கசிவு கூடினாலோ கலங்கலாக வந்தாலோ உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். சங்கத்து நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவரும் பொறியாளர் இல்லை. அடுத்த ஐம்பது வருடம் இந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்தான். அவர்களால் செய்யக்கூடிய பராமரிப்பாக இருந்தால்தான் அது நடக்கும். வடகிழக்கு ஜார்ஜியாவின் டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து 39 பேர் இறந்தார்கள். 1957இல் மின் உற்பத்தி நின்றபிறகு அது வெறும் உல்லாச ஏரியாகத்தான் இருந்தது. செங்குத்தான வெளிச்சரிவு, அதில் மரங்கள், கசிவு. உடைந்ததற்கு ஒரே காரணம் என்று விசாரணையால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1978இல் ஜார்ஜியாவுக்கு அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கல்லூரியின் ஏரி அது. பார்த்துக்கொள்ள எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள்தான் இருந்தார்கள் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

தோண்டுவதிலும் ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. வெட்டின் பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் புது மண்ணும் பழைய மண்ணும் ஒன்றோடொன்று பிடிக்காமல் விரிசல் விடலாம், அதனால் சாய்வாக அகலமாக வெட்ட வேண்டும், செலவு ஏறும். ஏரியை வேகமாக இறக்கினால் ஈரம் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும்; எங்கள் பொறியாளர் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்க விடவில்லை. ஒரு கோடை முழுக்க ஏரி வெறும் சேறாகக் கிடந்தது. சந்தாவோடு சிறப்புக் கட்டணமும் சேர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழும் அண்டை வீட்டாருக்கு அது உண்மையிலேயே பெரிய பாரம், அவர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி, கரையை வெட்டித் திறந்து ஓடையை ஓட விடுவது. பாதுகாப்பு மட்டுமே அளவுகோல் என்றால் இதற்கு ஈடு இல்லை. பராமரிப்பும் அதோடு முடிந்துவிடும். ஆனால் பல பத்தாண்டு வண்டல் கீழே அடித்துப் போகாமல் பார்க்க வேண்டும், நீர்நிலைகளில் செய்யும் வேலைகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும், ஆகவே நினைத்த அளவு மலிவாக இராது. ஏரியோர வீடுகளின் விலை எவ்வளவு விழும் என்று கூட்டத்தில் பலர் உறுதியாகப் பேசினார்கள். கரையை எடுத்த ஊரில் நான் வாழ்ந்ததில்லை, எனவே அதில் என் கருத்துக்கு எடை இல்லை. கட்டணம் செலுத்த ஆளில்லாத சிறு குடியிருப்பாக இருந்திருந்தால் நானே இதைத்தான் கேட்டிருப்பேன்.

பணம் இல்லாததால் குழாய்க்குள் குழாய்தான் என்று முடிவானால், ஒன்றை மட்டும் விடாதீர்கள்: வெளிச்சரிவின் கீழ்ப்பகுதியை மட்டும் தோண்டி, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி போடச் சொல்லுங்கள். அதையும் விலைப்புள்ளியில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். வடிகுழாயின் வாய் வெள்ளத்தில் மூழ்காத, ஒருவர் நடந்து போய் வாளி வைக்கக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள்.