கார்பன் ஃபைபரா, அலுமினியமா? பயணத்திற்கான மோனோபாட்

பயணத்தில் உடன்வரும் மோனோபாடை, அதாவது கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் தாங்கியை, கார்பன் ஃபைபரில் வாங்குவதா, அலுமினியத்தில் வாங்குவதா என்னும் கேள்விக்கு எடையை மட்டும் வைத்து விடை காண முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெரும்பாலும் 100 முதல் 200 கிராம்தான். நாள் முழுவதும் சுமந்து நடப்பவருக்கே அது தெரியும். ஊட்டியின் டிசம்பர் விடியலில் அலுமினியக் குழாயைப் பற்றிய விரல்கள் விறைத்துப்போகும்; கார்பனோ அவ்வளவு சில்லிடுவதில்லை, அதிர்வையும் விரைவாக அடக்கிவிடும் என்பதால் நீண்ட லென்ஸ் வைத்துப் பறவைகளைப் படமெடுப்பவருக்கு அதன் கூடுதல் விலை நியாயமானதே. ஆனால், பாறையில் பலமாக மோதினால் அலுமினியம் நசுங்குவதோடு நின்றுவிடக்கூடும், கார்பன் விரிசல் விட்டு முறியலாம். குழாயை வேண்டிய நீளத்தில் இறுக்கி நிறுத்தும் திருகுப் பூட்டுக்குள் தனுஷ்கோடி மணல் புகுந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். கழற்றிக் கழுவும்வரை ஒவ்வொரு திருப்பலுக்கும் நறநறக்கும். வீடியோ எடுப்பவர், குழாய் எதனால் ஆனது என்பதைவிட, அடியில் விரியும் மூன்று சிறு கால்கள் உண்டா என்று முதலில் பார்ப்பது நல்லது.