கார்ச்சர் கே2: வீல் கழுவ எந்த நாசில்?

கார்ச்சர் கே2 என்பது தண்ணீரை அழுத்தத்தோடு பீச்சிக் கழுவும் பிரஷர் வாஷர். அதிகபட்ச அழுத்தம் 110 பார், மணிக்கு 360 லிட்டர் தண்ணீர். வீட்டுக் காரின் வீலுக்கு கே2 தாராளம். ஆனால் இதற்கான சுழல் நாசிலை வீல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது சிமென்ட் தரைக்கானது. அந்த ஊசித் தாரை டயரின் பக்கச்சுவரையும் வால்வையும் பதம்பார்த்துவிடும். ரப்பர் நிறம் மாறினாலே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விசிறியாகப் பீச்சும் நாசிலைப் போட்டு, குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள்.

அலாய் வீலில் பெயின்ட் உரிந்த இடத்தின் விளிம்பில் நேராக அடித்தால், தண்ணீர் உள்ளே புகுந்து மீதியையும் பெயர்க்கும். வீல் சீராகச் சுழல உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு எடை (பேலன்சிங் வெயிட்) விழுந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். ஓடிவந்த சூட்டோடு பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் அடிக்கவே கூடாது.

பிரேக் தேய்ந்து வீலில் படியும் தூள் வெறும் அழுத்தத்துக்கு அசையாது. ஷாம்பூவும் மென்மையான பிரஷும் வேண்டும். கழுவியதும் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் மிதித்து ஈரத்தைப் போக்குங்கள்.