காது, சைனஸ், கண்: ஆன்ட்டிபயாடிக் உடனேவா, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?

என் பொண்ணு மூணு வயசுல ஒரு ராத்திரி காது வலின்னு எழுந்து விடிய விடிய அழுதா. காலைல டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, "இப்போதைக்கு ஆன்ட்டிபயாடிக் வேணாம்மா, வலிக்கு மட்டும் மருந்து குடுங்க, ரெண்டு மூணு நாள்ல குறையலேன்னா கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, புள்ள துடிக்குது, பொறுத்துப் பாக்கச் சொல்றாங்களேன்னு. அதுக்கப்புறம் உக்காந்து படிச்சப்போதான் ஒண்ணு புரிஞ்சுது, காதுக்குச் சொன்ன பதில் சைனஸுக்கு அப்படியே பொருந்தாது, கண்ணுக்கு கணக்கே வேற.

முதல்ல காது. சளி பிடிச்சா மூக்குக்குப் பின்னாடிலேந்து நடுக்காதுக்குப் போற குழாய் அடைச்சுக்கும், சின்னப் பசங்களுக்கு அந்தக் குழாய் குட்டையா, சாய்வு கம்மியா இருக்கறதால நீர் வடியாம தேங்கி, கிருமி பெருகி, செவிப்பறையை உள்ளேந்து தள்ளும், அந்த வலிதான் ராத்திரில படுத்ததும் கூடுது. இதுக்கு ஆன்ட்டிபயாடிக் குடுத்தவங்க, குடுக்காதவங்க ரெண்டு பக்கத்தையும் வச்சு காக்ரேன்ங்கற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பாக்கற குழு பண்ண அலசல்ல, எந்தப் பக்கமா இருந்தாலும் 24 மணி நேரத்துல 60 சதவீதம் பசங்களுக்கு வலி போயிடுது. 20 பேருக்கு மருந்து குடுத்தா அதுல ஒருத்தருக்குத்தான் ரெண்டு மூணு நாள்ல கூடுதல் பலன், ஆனா 14 பேருக்குக் குடுத்தா ஒருத்தருக்கு வாந்தி, பேதி, ராஷ்னு ஏதாவது வருது. இதைப் படிச்சதும் என் கோவம் போயிடுச்சு.

ஆனா பொறுக்கறது எல்லாருக்கும் இல்ல. ஆறு மாசத்துக்குள்ள குழந்தைன்னா உடனே ஆன்ட்டிபயாடிக்தான். ரெண்டு வயசுக்குள்ள ரெண்டு காதுலயும் இருந்தாலும் அப்படித்தான். 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், வலி ரொம்பக் கடுமை, காதுலேந்து சீழ் வடியறதுன்னா எந்த வயசா இருந்தாலும் காத்திருக்கறதுல அர்த்தம் இல்ல. மத்தவங்களுக்கு 48லேந்து 72 மணி நேரம், அதுவும் டாக்டர் பாத்து சொன்ன பிறகு. அந்த நேரத்துல சும்மா இருக்கறதுன்னு நினைச்சுடாதீங்க, எடைக்கு ஏத்த அளவுல பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ நேரம் தவறாம குடுக்கணும், வலியோட விட்டுட்டு கிருமி தானா போகட்டும்னு இருக்கறது குழந்தைக்குப் பண்ற கொடுமை. காதுக்குப் பின்னாடி எலும்பு வீங்கி சிவந்து காது முன்னாடி தள்ளிட்டு நின்னா 72 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே ஆஸ்பத்திரி.

(காது மடலை இழுத்தாலே வலிக்குதுன்னா அது பெரும்பாலும் வெளிக்காது இன்ஃபெக்‌ஷன், நீச்சல் அடிக்கறவங்களுக்கு அடிக்கடி வரும். அதுக்கு மாத்திரையை விட சொட்டு மருந்துதான் சரி, செவிப்பறைல ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு எந்த சொட்டுன்னு டாக்டர் சொல்லுவாங்க.)

சைனஸ்லதான் மாத்திரை ரொம்ப வீணாகுது. சளி மஞ்சளா, பச்சையா ஆயிடுச்சு, அப்போ பாக்டீரியாதான்னு நிறைய பேர் முடிவு பண்ணிடறாங்க. அது தப்பு, வைரஸ் சளியும் நாலஞ்சு நாள்ல நிறம் மாறும். சாதா சளி பாக்டீரியா சைனஸா மாறுறது 100ல ரெண்டு பேருக்குள்ளதான். நிறத்தைப் பாக்காதீங்க, எத்தனை நாளாச்சுன்னு எண்ணுங்க. 10 நாள் தாண்டியும் கொஞ்சம்கூட குறையல, இல்ல குறைஞ்சு வந்து அஞ்சாறு நாள்ல திரும்ப காய்ச்சலும் தலைவலியுமா ஏறுது, இல்ல ஆரம்பத்துலயே 39 டிகிரி காய்ச்சலோட சீழ் மாதிரி சளியும் முகவலியும் மூணு நாலு நாள் விடாம இருக்கு, இந்த மூணுல ஒண்ணு இருந்தாதான் ஆன்ட்டிபயாடிக் பேச்சு. அதுவரைக்கும் உப்புத் தண்ணில மூக்கைக் கழுவறது, தேவைன்னா டாக்டர் சொல்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. கழுவற தண்ணி கொதிக்க வச்சு ஆறினதா இல்ல டிஸ்டில்டு வாட்டரா இருக்கணும், குழாய்த் தண்ணிய நேரா விட்டா மூளையைத் தின்னும் அமீபா உள்ள போற அபாயம் இருக்கு, அரிதுதான், ஆனா வந்தா பிழைக்கறது ரொம்பக் கஷ்டம். அடைப்பை ரெண்டு நிமிஷத்துல திறக்கற ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஸ்ப்ரே இருக்கே, அது ராத்திரி தூங்க உதவும், ஆனா மூணு நாளோட நிறுத்திடுங்க, தொடர்ந்தா ஸ்ப்ரேயே மூக்கை அடைக்க ஆரம்பிச்சுடும்.

கண்ணுக்கு நாள் கணக்கு போதாது, யாரோட கண்ணுங்கறதுதான் முக்கியம். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸ், தண்ணியா வடியும், ஒரு கண்ணுல ஆரம்பிச்சு அடுத்ததுக்குப் போகும், ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போகும், ஆன்ட்டிபயாடிக் சொட்டு அதை ஒண்ணும் பண்ணாது, கை கழுவறதும் தனி டவலும்தான் மத்தவங்களைக் காப்பாத்தும். கெட்டியா சீழ் வந்து இமை ஒட்டிக்குதுன்னா பாக்டீரியாவா இருக்கலாம், அதுவும் பல பேருக்கு தானா ஆறிடும், சொட்டு போட்டா கொஞ்சம் முன்னாடி ஆறும். இங்க ரெண்டு வழியும் பரவால்ல.

ஆனா கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க கண்ணு சிவந்து வலிச்சா லென்ஸைக் கழட்டிட்டு அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போங்க, கருவிழில கிருமி இறங்கினா ஒரு நாள்லயே பார்வை பாதிக்கலாம். பொறந்து ஒரு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு கண்ணுல சீழ்னாலும் அன்னிக்கே. வெளிச்சம் கூசுது, பார்வை மங்குதுன்னா பொறுக்கறதுங்கற வழியே இல்ல. வீட்ல மிச்சம் கிடக்கற ஸ்டீராய்டு கலந்த சொட்டை தயவுசெஞ்சு தொடாதீங்க, ஹெர்பிஸ் கிருமியா இருந்தா அது கருவிழியை அரிக்க விட்டுடும்.

இன்னொண்ணு, சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசு. சளியும் காய்ச்சலுமா இருந்த புள்ளைக்கு இமை வீங்கி, கண்ணை அசைச்சா வலிக்குது, ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னா காலைல பாத்துக்கலாம்னு படுக்க வைக்காதீங்க, ராத்திரின்னாலும் எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடுங்க.