நாக்ஸ்வில் பெண்கள் கூடைப்பந்துப் புகழரங்கம்: டென்னசி அணியின் கதையைத் தேடிச் செல்பவர்களுக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் நகரில் பெண்கள் கூடைப்பந்துப் புகழரங்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 30 அடி உயரமும் 10 டன் எடையும் கொண்ட ஒரு கூடைப்பந்து கட்டடத்தின் வடமுனையில் உட்கார்ந்திருக்கிறது. சற்று மிகையான விளம்பரம் என்று தொலைவிலிருந்து பார்த்தபோது நினைத்தேன். உள்ளே இரண்டரை மணி நேரம் கழித்துவிட்டு வெளியே வந்தபோது அந்த எண்ணம் மாறியிருந்தது. இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு பெரிய பந்து தேவைதான் என்று தோன்றியது.

இந்த அரங்கம் 1999 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. உலகெங்கும் பெண்கள் ஆடிய கூடைப்பந்துக்கு உரிய இடம் இது. டென்னசிப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் அல்ல. ஆயினும் நாக்ஸ்வில்லுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ‘லேடி வாலன்டியர்ஸ்’ அணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இங்கே நுழைகிறார்கள். நானும் அப்படித்தான் நுழைந்தேன். அப்படி வருகிறவர்களுக்கு இந்த அரங்கம் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் நேரம் ஒதுக்க வேண்டியது தொடக்ககாலப் பகுதிக்குத்தான். மாசசூசெட்ஸின் ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன், ஆண்களுக்காக அப்போதுதான் உருவான கூடைப்பந்தைத் தம் மாணவிகளுக்கு ஏற்ப மாற்றி 1893 மார்ச்சில் ஆடவைத்தார். களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றும், அடுத்தவள் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்றும் விதி வகுத்தார். இலங்கைப் பள்ளிகளில் வலைப்பந்து ஆடியவர்களுக்கு இந்த விதிகள் புதிதாகத் தோன்றா. வலைப்பந்தும் அந்தத் தொடக்ககாலக் கூடைப்பந்திலிருந்து கிளைத்த ஆட்டம்தான். களத்தின் மூன்று பிரிவுகளும் எல்லைக்கோட்டுக் கட்டுப்பாடும் அதில் இன்றும் நிற்கின்றன.

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகிறவர்கள் டென்னசி அணியின் வரலாற்றையும் தவறாகவே புரிந்துகொள்வார்கள். நகரைச் சுற்றிக் காட்ட நான் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி, பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி 1974இல்தான் பிறந்தது என்று அடித்துச் சொன்னார். உண்மையில் அங்கே 1903ஆம் ஆண்டிலேயே பெண்கள் வேறு கல்லூரிகளோடு மோதத் தொடங்கிவிட்டார்கள். 1926இல் அது நிறுத்தப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்தே மீண்டும் துளிர்த்தது. போட்டி மனப்பான்மை பெண்ணின் உடலுக்கும் குணத்துக்கும் கேடு என்ற கருத்து அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதும் கல்வியாளர்களிடையே வலுப்பெற்றிருந்தது. உடற்கல்வி ஆசிரியைகளே முன்னின்று கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை எதிர்த்தார்கள் என்பதுதான் இதில் வியப்பு. ஆகவே அணியின் அந்த மறுவரவைப் பிறப்பு என்பதைவிட, புதைத்த ஒன்றைத் தோண்டி எடுத்தது என்பதே பொருத்தமாக இருக்கும்.

கல்லூரிகள் கதவை மூடிக்கொண்ட அதே காலத்தில் வெளியே என்ன நடந்தது என்பதற்கு இங்கே நிற்கும் ஒரு நீளமான பழைய கார் சான்று சொல்கிறது. 1936இல் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய ‘ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்’ என்ற தொழில்முறைப் பெண்கள் அணி, தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஆண்கள் அணிகளோடு ஆண்களின் விதிப்படியே ஆடியது. அந்தப் பயணங்களுக்குப் பயன்பட்ட கார் அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த அணி இப்படிச் சுற்றியது. எல்லாக் காட்சிப்பொருள்களிலும் நான் அதிக நேரம் நின்றது இதன் முன்னால்தான்.

அரங்கம் பொதுவாகச் சொல்லும் கதையில் டென்னசிக்கே உரிய ஓர் இழையைப் பார்வையாளர் தாமே கோத்துக்கொள்ள வேண்டும். 1970களின் இறுதி வரை அந்த மாநிலத்தின் பள்ளிகளில் பெண்கள் ஆறு பேர் கொண்ட அணியாக ஆடினார்கள். மூவர் தாக்குவார்கள், மூவர் தடுப்பார்கள். நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது. தடுக்கும் பக்கத்தில் நிற்கும் மாணவி தன் பள்ளிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தெறியாமலே ஆடி முடிப்பாள். கல்லூரிகளோ ஐவர் ஆட்டத்துக்கு மாறிவிட்டிருந்தன. அப்படிப்பட்டவளுக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கும்? ஓக் ரிட்ஜ் நகரப் பள்ளி மாணவி ஒருத்தி 1976இல் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றாள். முதலில் வென்றாள், மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. சட்டத்தால் முடியாதது பிறகு வற்புறுத்தலால் நடந்தது. பல்கலைக்கழகப் பயிற்றுநர் பாட் சமிட் உள்ளிட்டோர் விடாமல் குரல் கொடுத்ததன் பயனாக, 1979-80 பருவத்திலிருந்து டென்னசிப் பள்ளிகளும் ஐவர் ஆட்டத்துக்கு மாறின. தன் அணிக்கான ஆட்டக்காரிகள் வளரும் நிலத்தையே ஒரு பயிற்றுநர் மாற்றியமைக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், பிற்காலக் கோப்பைகளின் பளபளப்பு வேறு விதமாகத் தெரியும்.

இனி அந்தப் பயிற்றுநர். 1999இல் இந்த அரங்கம் முதன்முதலாகச் சிறப்பித்த 25 பேரில் அவரும் ஒருவர். 1974இல் மேற்படிப்புக்காகவும் துணைப் பயிற்சிப் பணிக்காகவும் நாக்ஸ்வில்லுக்கு வர இருந்த 22 வயதுப் பெண்ணிடம், அதுவரை பொறுப்பில் இருந்தவர் விலகியதால், அணி முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. மாதச் சம்பளம் 250 டாலர். வீராங்கனைகளின் சீருடையை அவரே துவைத்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனையும் அவரே ஓட்டினார். சீருடை வாங்கக் காசில்லாமல் டோனட் விற்றுப் பணம் திரட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆடிய முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 83-84 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அதற்கிடையிலேயே முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடி வெள்ளிப் பதக்கமும் பெற்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இடம்பெற்றதே அப்போதுதான் முதல்முறை.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பையை டென்னசி வென்ற ஆண்டுகளை எந்த ரசிகரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்: 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. எட்டும் சமிட்டின் காலத்தில் வென்றவை. ஆனால் முதல் கோப்பைக்காகப் பதின்மூன்று பருவங்கள் காத்திருந்தார் என்பதையும், 1980, 1981, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிப்போட்டி வரை வந்து தோற்றார் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1997-98 பருவத்தில் ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா, டமிகா கேச்சிங்ஸ், செமீகா ராண்டல் மூவரும் சேர்ந்து ஆட, அணி 39 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எனக்கோ அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பருவத்தில் 10 தோல்விகளோடு தள்ளாடிய அணி, மார்ச் மாதத்தில் எப்படியோ நிமிர்ந்து ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக அணியை 68-59 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. தோல்வியே காணாத அணியைப் போற்றுவது எளிது. பயிற்றுநரின் கைத்திறனைக் காட்டுவது பத்து முறை தோற்ற அணிதான்.

இத்தனையையும் அறிந்துகொண்டபின், அணியின் இருப்பிடத்தைப் பார்க்கப் பல்கலைக்கழக வளாகத்துக்கும் கட்டாயம் போக வேண்டும். 1987இல் திறக்கப்பட்ட தாம்சன்-போலிங் அரங்கில்தான் இன்றும் ஆட்டங்கள் நடக்கின்றன. திறந்த சில நாள்களிலேயே, அந்த டிசம்பரில், டெக்சஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண 24,563 பேர் திரண்டார்கள். ஆட்டத்தில் டென்னசி தோற்றது என்றாலும், பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்ற பேச்சு அன்றோடு அடிபட்டுப்போனது. களத்துக்கு 2005இல் ‘தி சமிட்’ என்று பெயரிட்டார்கள். அருகிலுள்ள சிறு சதுக்கத்தில் 2013இல் நிறுவப்பட்ட அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. 2011இல் தமக்கு மறதிநோய் தொடங்கிவிட்டதை அவரே வெளிப்படையாக அறிவித்தார். இன்னும் ஒரு பருவம் அணியோடு இருந்துவிட்டு, 1,098 வெற்றிகளோடும் 208 தோல்விகளோடும் விலகினார். 2016 ஜூன் 28 அன்று காலமானார். அவருடைய பயிற்சியில் கல்லூரி ஆட்டக்காலத்தை முழுவதும் முடித்த ஒவ்வொரு வீராங்கனையும் பட்டமும் பெற்றார் என்பது, வெற்றிக் கணக்கைக் காட்டிலும் அரிய கணக்கு.

நினைவுப்பொருள் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நகரின் மையப்பகுதியில் ஒரு கடையில் நான் வாங்கிய சட்டையின் முதுகில் கோப்பை ஆண்டுகள் அச்சிடப்பட்டிருந்தன. விடுதிக்கு வந்து எண்ணிப் பார்த்தால் ஏழுதான் இருந்தன, 1991 விடுபட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, இதுவரை யாரும் கவனித்ததில்லை என்றார் கடைக்காரர். வாங்கும் இடத்திலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, 2015இல் பல்கலைக்கழகம் மற்றப் பெண்கள் அணிகள் எல்லாவற்றிலிருந்தும் ‘லேடி வாலன்டியர்ஸ்’ என்ற பெயரை எடுத்துவிட்டுக் கூடைப்பந்து அணிக்கு மட்டும் விட்டுவைத்தது; பழைய மாணவிகளின் எதிர்ப்பால் 2017இல் அந்தப் பெயர் எல்லா அணிகளுக்கும் திரும்பியது. அந்தப் பெயருக்கு ஊரில் எவ்வளவு உணர்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அறிய, உணவகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

குழந்தைகளோடு செல்பவர்கள் புகழரங்கத்தின் கீழ்த்தளத்தில் பந்தெறிந்து ஆடும் களத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. முதலில் அங்கே இறங்கினால் பிறகு மேலே ஏற்றுவது கடினம். சிறப்பிக்கப்பட்டோரின் பெயர்ப் பகுதியை, தெரிந்த பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டு விரைவாகக் கடந்துவிடலாம். புகழரங்கத்திலுள்ள 17 அடி வெண்கலச் சிலையின் அடியில் சற்று நிற்கலாம். காலையில் அரங்கம், மதியத்துக்குப் பிறகு பல்கலைக்கழக வளாகம் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட முடியும். நவம்பருக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையே பயணத்தை அமைத்துக்கொண்டால், மாலையில் பெண்கள் அணியின் ஆட்டம் ஒன்றையும் பார்க்க வாய்ப்புண்டு. நான் போனது ஜூலையில். ‘தி சமிட்’ களத்தில் ஆட்டம் எதையும் பார்க்காமலே திரும்பினேன்.